குழாய்க்குக் காது வைத்தவர்

"சார், இங்க ஈரம்கூட இல்ல," என்றார் மேஸ்திரி, பள்ளத்துக்குள்ளிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி.

"இன்னும் கொஞ்சம் தோண்டுங்க," என்றார் பொறியாளர்.

"இதுக்குக் கீழ போனா தண்ணி வராது சார். வேற நாடுதான் வரும்."

பொறியாளர் சிரிக்கவில்லை. அவர் கைப்பேசியின் திரையில் அந்தத் தெருவின் படம் இருந்தது. அதில் தையல்காரர் வீட்டின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி காலையிலிருந்து மின்னி மின்னி மறைந்துகொண்டிருந்தது. சிவப்புப் புள்ளி என்றால் கசிவு. அந்த வீட்டுக்குப் போகும் குழாய் எங்கோ உடைந்து தண்ணீர் மண்ணுக்குள் போகிறது என்று அர்த்தம். மண்ணோ கையில் எடுத்தால் மாவாக உதிர்ந்தது.

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் நின்று, தன் கடைக்கும் வீட்டுக்கும் பொதுவான அந்த ஒரே வாசலில் உண்டாகியிருந்த பாதாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி கொடுக்க வந்தவர்கள் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் எதிர்ப்பக்கமே நின்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். அப்படியும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பொறியாளருக்கு முதலில் உறுத்தியது. வாசலைத் தோண்டிப் போட்டால் எந்த மனிதன் வாயை மூடிக்கொண்டு நிற்பான்? ஏதோ இருக்கிறது.

அப்போது கைப்பேசி கீச்சென்று கத்தியது. சிவப்புப் புள்ளி தையல்காரரை விட்டுவிட்டு, எதிர்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

"கசிவு இடம் மாறுமா சார்?" என்று மேஸ்திரி கேட்டார்.

"மாறாது."

"அப்ப இதுக்குக் கால் முளைச்சிருக்கு."

பொறியாளர் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினார். உள்ளே யாரோ பேசுவது கேட்டது. அழைப்பு மணியை அழுத்தியதும் சத்தம் அடங்கியது. சற்றுப் பொறுத்து ஆசிரியர் கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. இருவரும் பரீட்சையில் பார்த்து எழுதிப் பிடிபட்டவர்களைப் போல விழித்தார்கள். கைப்பேசியைப் பார்த்தால் அதற்குள் புள்ளியும் காணாமல் போயிருந்தது.

"வீட்டுல எங்கயாவது தண்ணி கசியுதா?"

ஆசிரியர் மனைவியைப் பார்த்துவிட்டு, "தண்ணியா? இல்லையே," என்றார்.

பொறியாளர் அனுமதி கேட்டும் கேட்காமலும் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். குழாய் இறுக மூடியிருந்தது. ஆனால் வாளி, குடம், அண்டா, கடைசியில் டீ போடும் பாத்திரம் வரைக்கும் விளிம்பு தட்டத் தண்ணீர் நின்றது. வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

"எதுக்கு இவ்வளவு பிடிச்சு வெச்சிருக்கீங்க?"

"சும்மாதான். இருக்கட்டும்னு," என்றார் ஆசிரியர். முப்பது வருடம் பையன்களின் பொய்யைக் கண்டுபிடித்தவருக்குத் தானாக ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை.

இங்கே அந்தக் காதைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது.

பொறியாளர் குடிநீர் வாரியத்தில் பல வருடங்களைப் புகார்ப் பிரிவில் கழித்தவர். அங்கே அவருக்கும் மக்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. பேசுவதற்காக அதில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையை எந்தப் புண்ணியவானோ இடுப்பு உயரத்தில் போட்டுவிட்டான். வருகிறவர் குனிந்து திட்டுவார். இவர் குனிந்து வாங்கிக்கொள்வார். எல்லாத் திட்டுக்கும் மூலம் ஒன்றுதான். குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது; தெரிவதற்குள் பாதித் தண்ணீர் மண்ணுக்குப் போயிருக்கும். மனிதர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன ஒரு நாளில், குழாய் பேசுவதைக் கேட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

மாடி அறையில் உட்கார்ந்து விடுமுறை விடுமுறையாகப் பாடுபட்டு ஒரு சின்னப் பெட்டியைச் செய்தார். அதைக் குழாயோடு ஒட்டவைத்தால் போதும். வீட்டில் குழாயைத் திறப்பார்கள், மூடுவார்கள். சத்தம் விட்டு விட்டு வரும். உடைந்த குழாய்க்கு அந்த நாகரிகம் கிடையாது. ஒரே சீராக உஸ்ஸென்று இரைந்துகொண்டே இருக்கும். அந்த உஸ் நிற்காமல் கேட்டால் பெட்டி கைப்பேசிக்குச் சொல்லிவிடும். கருவிக்கு அவர் மூச்சு முட்டும்படி நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார். வாரியத்தில் எல்லாரும் அதைக் காது என்று கூப்பிட்டார்கள்.

தலைமைப் பொறியாளரை அங்கே பெரிய சார் என்பார்கள். டீ வந்தால் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அதுவும் முதலில் வேறு யாராவது குடிக்க வேண்டும். புதிதாக ஒன்றைக் காட்டினால், இதில் எவன் என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறான் என்பதுதான் அவர் மனதில் ஓடும் முதல் கேள்வி. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க தெருவுலயே வெச்சுப் பாருங்க. வேலை செஞ்சா ஊர் பூரா வெக்கலாம். செய்யலேன்னா ஒண்ணும் நஷ்டம் இல்ல. புகார்ப் பிரிவுல உங்க நாற்காலி இன்னும் அங்கேயேதான் இருக்கு," என்றார்.

அந்த நாற்காலியை நினைத்தாலே பொறியாளருக்கு முதுகு வலிக்கும். அதனால் பெட்டியைத் தெருமுனைக் குழாயில் ஒட்டவைத்துவிட்டு, சாமி கும்பிடாத குறையாகக் காத்திருந்தார். காது ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் போனது. தெருவில் ஒரு கசிவும் இல்லை. ஊரே ஒழுகிக்கொண்டிருக்க, அவர் தெரு மட்டும் உத்தமமாக இருந்தது.

மகள் வீட்டோடு வந்து இருக்கும் மாமனாருக்கு இது நல்ல பொழுதுபோக்கானது. அவர் காலையில் நடக்கப் போனால் ஒவ்வொரு வாசலிலும் நின்று, அங்கே உள்ளதை வாங்கி இங்கே உள்ளதைக் கொடுத்துவிட்டு வருகிறவர். தெருவுக்கே வேண்டியவர். ஒருநாள் சாப்பிடும்போது, "என்ன மாப்பிள்ளை, உங்க காது செவிடு போல இருக்கே?" என்றார்.

பொறியாளருக்குச் சுருக்கென்றது.

"செவிடா? ஊசி விழுந்தாக்கூட அதுக்குக் கேக்கும் மாமா. வீட்டுல நாம பேசறது, நீங்க மத்தியானம் விடற குறட்டை, எல்லாம் குழாய் வழியா அதுக்கு வந்துடும். அத்தனையும் ஒதுக்கிட்டுத் தண்ணி சத்தத்தை மட்டும் பொறுக்கி எடுக்குது பாருங்க, அதுலதான் என் மூளையே இருக்கு."

மாமனார் மகளைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள். பொறியாளர் தன் மூளையின் பெருமையில் யாரையும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மாமனார் மத்தியானம் தூங்குவதை விட்டுவிட்டார்.

அந்த வாரமே காது விழித்துக்கொண்டது. இன்று தையல்காரர் வீடு, நாளை ஆசிரியர் வீடு, மறுநாள் கோடி வீடு என்று புள்ளிகள் ஓடிப்பிடித்து விளையாடின. போய்ப் பார்த்தால் எங்கேயும் கசிவு இல்லை. எங்கேயும் வாளிகள் நிரம்பியிருந்தன. இவர் தலை தெரிந்தால் வாசலில் நின்று பேசுகிறவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு, வானத்தில் ஏதோ பறப்பதைப் பார்த்தார்கள்.

காது மந்தமாக இருப்பதால்தான் இடம் தடுமாறுகிறது என்று முடிவுகட்டி, பொறியாளர் அதை இன்னும் கூர்மையாகத் தீட்டினார். போதாததற்குத் தெருவின் மறுமுனையில் இரண்டாவதாக ஒரு காதை வைத்தார். அவர் கருவிகளை எடுத்து வைத்துவிட்டுக் கை கழுவுவதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. மறுநாள் புள்ளிகள் இரண்டு மடங்காயின.

அன்றைக்கு ஆசிரியர் வீட்டு வாசலைத் தோண்டச் சொன்னார். மேஸ்திரி வேண்டாம் சார் என்று சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. கடப்பாரை நேராகப் போய்ப் பெரிய குழாயில் இறங்கியது. தண்ணீர் ஆசிரியர் வீட்டு மாடி வரைக்கும் எழும்பியது. தெருவில் நடந்த ஒரே உண்மையான உடைப்பு அதுதான். அதைப் பற்றி மட்டும் காது வாயே திறக்கவில்லை. அழுத்தம் இறங்கிப்போய்க் குழாயில் சத்தமே இல்லாமல் ஆகிவிட்டது. மேஸ்திரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது நம்ம ஆளு உடைச்சதுன்னு விட்டுக்கொடுத்திருக்கும் சார்," என்றார்.

பெரிய சார் கூப்பிட்டு அனுப்பினார்.

"எனக்கு ஒண்ணு புரியல," என்று நிதானமாக ஆரம்பித்தார். அவர் நிதானமாக ஆரம்பித்தால் யாருக்கோ இடமாற்றம் என்று பொருள். "கசிவைக் கண்டுபிடிக்கற பெட்டி வெச்ச தெருவுலதான் இப்ப ஊர்லயே அதிகமாத் தண்ணி போகுது. பெட்டி வெக்கறதுக்கு முன்னால போகல. இது என்ன கணக்கு?"

பொறியாளரின் கண்ணெதிரே இடுப்பு உயர ஓட்டை தெரிந்தது. பெட்டி தப்பு என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. பெட்டி சரியென்றால் தண்ணீர் நிஜமாகவே ஓடுகிறது. மண்ணுக்குள் போகவில்லை என்றால் மனிதர்களிடம் போகிறது. அந்த எண்ணம் வந்ததும், வாயை மூடிக்கொண்டு நின்ற தையல்காரர், விளிம்பு தட்டிய ஆசிரியரின் பாத்திரங்கள், வானத்தைப் பார்த்த முகங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"திருட்டு சார்," என்றார்.

பெரிய சாரின் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. அவருக்குப் புரிகிற பாஷையில் ஒருவன் பேசிவிட்டான்.

"யாரு?"

"கண்டுபிடிச்சுடறேன்."

"வெள்ளிக்கிழமை நானே வரேன். பெட்டியையும் பாக்கறேன், ஆளையும் பாக்கறேன். பேரு வேணும். பேரு இல்லேன்னா பெட்டியக் கழட்டிட்டு நீங்க புகார்ப் பிரிவுக்குப் போயிடுங்க."

பொறியாளர் அன்றே தெருக்காரர்களைக் கூட்டினார். கூட்டம் என்றால் அவருக்கு நடுக்கம். ஆனால் கோபம் நடுக்கத்தை அமுக்கிவிட்டது. "இந்தப் பெட்டி தூங்காது," என்று எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார். "உங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்குள்ளயும் என்ன நடக்குதுன்னு எனக்கு உக்காந்த இடத்துலயே தெரியும். பேர் சொல்லி யாரையும் அவமானப்படுத்த நான் விரும்பல. திருந்தறவங்க இப்பவே திருந்திக்கலாம்."

தையல்காரர் மனைவி தையல்காரரின் கையைக் கிள்ளினாள். கோடி வீட்டுக்காரர் தன் தம்பியை முறைத்தார். ஆசிரியர் சட்டைப்பையைத் தடவினார். இத்தனை குற்றவாளிகளை ஒரே இடத்தில் பொறியாளர் பார்த்ததே இல்லை. பேச்சு நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அன்று மாலையே ஆசிரியர் வந்தார். கதவோரமாக நின்று, தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, டாக்டர் விடச் சொன்ன சிகரெட்டைத் தான் இன்னும் விடவில்லை என்றும், பின்பக்கம் போய்ப் பிடிப்பது வழக்கம் என்றும் சொன்னார். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. என் சம்சாரத்துக்கு மட்டும் தெரிய வேணாம்," என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

பொறியாளருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் போன பிறகு புரிந்தது. சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டு பெரிய குற்றத்தை மறைக்கிறான் கிழவன். அப்படியானால் பெரிய குற்றம் ரொம்பப் பெரியதாக இருக்க வேண்டும்.

அடுத்து வந்தவர் தையல்காரர். அவர் இன்னும் பரிதாபமாக இருந்தார்.

"சார், போன மாசம் என் மச்சான்கிட்ட உங்களைக் கழுதைன்னு சொன்னது வாஸ்தவம். ஏதோ ஆத்திரத்துல வந்துடுச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

தன்னை ஒருவர் கழுதை என்று சொன்னதே பொறியாளருக்கு அப்போதுதான் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல், "அதெல்லாம் எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றார். தையல்காரர் முகம் வெளுத்துவிட்டது. போகும்போது, சட்டை ஏதாவது தைக்க வேண்டுமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்கு ஒரு வெள்ளைச் சட்டை என்று பொறியாளர் சொல்லிவைத்தார். கழுதை என்று சொன்னவனிடம் சட்டை வாங்கிக்கொள்வதில் தப்பில்லை என்று பட்டது. கூடவே, கழுதை என்று சொல்கிறவன் தண்ணீரும் எடுப்பான் என்றும் பட்டது.

கூட்டத்துக்கு மறுநாள் புள்ளிகள் குறைந்திருக்க வேண்டும். திரை அம்மை போட்டதுபோல் சிவந்தது. உச்சிவெயிலுக்குள் மேல்நிலைத் தொட்டி காலியானது. பக்கத்துத் தெருக்களில் குழாய் காற்றைத் துப்பியது. அங்கேயிருந்து ஜனங்கள் புகார்ப் பிரிவுக்குப் போய்க் குனிந்து திட்டினார்கள். அந்த இடத்தில் தற்சமயம் உட்கார்ந்திருந்தவர் பொறியாளருக்குப் போன் செய்து, "உங்க நாற்காலிய நான் பத்திரமாத்தான் வெச்சிருக்கேன், சீக்கிரம் வாங்க," என்றார்.

பொறியாளர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். வீட்டுக்கு ஒரு காது. மேஸ்திரியை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் குழாய்க்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டியை ஒட்டவைத்தார். யாரும் தடுக்கவில்லை. வாயில் விரலை வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று காட்டுவதற்காகத் தன் வீட்டிலும் ஒன்றை ஒட்டினார். மனைவி கையில் கரண்டியோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்கு இங்க?"

"ஆராய்ச்சிக்கு."

"ஆராய்ச்சின்னு இப்ப இதுக்குப் பேரா?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் அலுவலகத்தில் இருந்தபோது கைப்பேசி கத்தியது. பொறியாளர் திரையைப் பார்த்தார். சிவப்புப் புள்ளி அவர் வீட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி சமையலறையில் போனும் கையுமாக நின்றாள். குழாய் மூடியிருந்தது. தொட்டி ஈரமாக இருந்தது. கீழே ஒரு வாளி நிரம்பியிருந்தது.

"யாரோட பேசிட்டு இருந்தே?"

"என் தங்கச்சியோட. உங்களுக்குத் தெரியாதாக்கும்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் பெட்டியைப் பார்த்தாள்; பிறகு அவரைப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியாத மாதிரி எப்படிக் கேக்கறீங்க பாருங்க. கட்டின பொண்டாட்டிகிட்டயே இந்த வேலையக் காட்டிட்டீங்களே."

"நீயும் அவங்களோட சேந்துட்டியா?"

"எவங்களோட?"

அதற்குப் பதில் சொல்லாமல் பொறியாளர் பின்பக்கம் போய்ச் சுவரோரமாகக் குனிந்து, பக்கத்து வீட்டுக்கு ரகசியக் குழாய் ஏதும் போகிறதா என்று தட்டிப் பார்த்தார். மாமனார் ஜன்னல் வழியாக இதைக் கவனித்துவிட்டு மகளை உள்ளே கூப்பிட்டார். சிறிது நேரத்தில் கைப்பேசி மறுபடியும் கத்தியது. அன்றிலிருந்து தெருவிலேயே மிகச் சிவந்த வீடு அவருடையதுதான். மனைவி அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். தங்கையோடு பேசுவதைக் கூட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பொறியாளர் மாடி அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். இந்தப் பெட்டியைச் செய்த நாட்களில் அவள்தான் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு போவாள். யாருக்காகவாவது உருப்படியாக ஒன்று செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் செய்தார். இப்போது அவர் தெருவில் அவரைப் பார்த்துச் சிரிக்கிற முகம் ஒன்றுகூட இல்லை. அழலாம் போல இருந்தது. அழுதால் அந்தச் சத்தமும் குழாய் வழியாகத் தனக்கே வந்துசேருமே என்று நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே தையல்காரர் சட்டையைக் கொண்டுவந்தார். இஸ்திரி போட்டு, காகிதத்தில் சுற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார். சட்டை கச்சிதமாகப் பொருந்தியது. இத்தனை வருடத்தில் எந்தச் சட்டையும் அவருக்கு இப்படிப் பொருந்தியதில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் பெரிய சாரை எதிர்கொண்டார்.

வண்டி வந்து நின்றதும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எல்லா வீட்டிலிருந்தும் எல்லாரும் வெளியே வந்து இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பெரிய சார் மூடப்படாத பள்ளங்களைத் தாண்டித் தாண்டி நடந்தார். பொறியாளர் கைப்பேசியை நீட்டினார். தன் கண்ணை அவராலேயே நம்ப முடியவில்லை. திரையில் ஒரு புள்ளிகூட இல்லை. தெரு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கடைசி வீடு வரைக்கும் போய்த் திரும்பினார்கள். காது ஒரு தடவையும் கத்தவில்லை.

பொறியாளருக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. பெரிய சாருக்கு அந்தக் குழப்பம் இல்லை.

"பாத்தீங்களா? நான் வரேன்னு அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு. அதான் இன்னிக்கு ஒருத்தனும் எடுக்கல," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது. கெட்டிக்காரத் திருடன். உள்ள போயிப் பேசலாம் வாங்க."

பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பொறியாளர் இத்தனை நாளும் ஏங்கினார். கேட்டதும் கண்ணில் நீர் முட்டியது. வாசல் கதவைத் தாண்டி உள்ளே வருவதற்குள், ஊர் முழுக்கத் தன் காதுகள் ஒட்டியிருப்பதை ஒருமுறை மனதுக்குள் பார்த்துவிட்டார்.

கூடத்தில் மாமனார் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். பெரிய சார் மோந்து பார்த்தார். பொறியாளர் ஒரு வாய் குடித்த பிறகு தானும் எடுத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பேரைச் சொல்லுங்க. இன்னிக்கே இணைப்பைத் துண்டிச்சு, போலீஸ்ல எழுதிக் கொடுத்துடலாம். ஒருத்தனைப் பிடிச்சுக் காட்டிட்டா போதும், திங்கட்கிழமையே உங்க பெட்டிக்கு ஊர் பூராவும் உத்தரவு போடறேன்."

பொறியாளரின் நாக்கின் நுனியில் தையல்காரர் நின்றார். முதல் புள்ளி அவர் வீட்டில்தான் வந்தது. முதல் நாளே வாயை மூடிக்கொண்டு நின்றார். கழுதை என்று வேறு சொல்லியிருக்கிறார். சொல்லிவிடலாம். ஆனால் கையைத் தூக்கினால் சட்டை எங்கேயும் பிடிக்கவில்லை, கழுத்துப் பட்டை உறுத்தவில்லை. வெளுத்துப்போன முகத்தோடு வெளியே வெயிலில் அந்த மனிதர் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. இணைப்பைத் துண்டித்தால் அந்த வீட்டில் எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைய வேண்டும். சொல்லாவிட்டால் இவர் திங்கட்கிழமை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குனிந்து உட்கார வேண்டும்.

"சார்..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார்.

பெரிய சார் கூடத்தைச் சுற்றிலும் பார்த்தார். "தயங்காதீங்க. இது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான் இருக்கும். வேற யார் காதுலயும் விழாது."

அதைக் கேட்டதும் மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். பெரிய மனிதர்கள் தனியாகப் பேசட்டும் என்று ஒதுங்குகிறார், நல்ல நாகரிகம் என்று பொறியாளர் நினைத்தார். மாமனார் வெளியே போகவில்லை. மூலையில் இருந்த கை கழுவும் தொட்டியருகே போய்க் குழாயை முழுக்கத் திருகி, தண்ணீர் ஒரே சீராக விழுகிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்டார். திருப்தியாகத் தலையசைத்தார். மேஜை மேல் இருந்த கைப்பேசி கீச்சென்று கத்தியது.

மாமனார் அதைப் பொருட்படுத்தாமல் திரும்பி வந்து, பெரிய சாரின் தோளருகே குனிந்து, உதவி செய்கிறவருக்கு உரிய அன்போடு சொன்னார்:

"இனி தைரியமாப் பேசுங்க சார், தண்ணியத் திறந்து விட்டுட்டா மாப்பிள்ளையோட பெட்டிக்கு நம்ம பேச்சு கேக்காது, இந்தத் தெருவுல இப்ப எல்லாருமே இப்படித்தான் பேசிக்கறோம்."